மலைக்குப் போறேன்னா எத்தன கிலோ?

போன வாரம் கொழும்புல ஒரு கல்யாண வீடு. சாப்பாட்டு மேசையில பக்கத்துல உக்காந்திருந்த அக்கா ஒருத்தங்க, "எந்த ஊரு தங்கச்சி?"ன்னு கேட்டாங்க.

"நிவித்திகல."

(இதுக்கு அப்புறம் வழக்கமா என்ன நடக்கும்னா, "அது எங்க இருக்கு?"ன்னு கேப்பாங்க. நான் "ரத்தினபுரி பக்கம்"பேன். உடனே கண்ணு விரியும். "ஓ, மாணிக்கக்கல்லு!" ஆமா, எங்க வீட்டுலயும் கல்லு இருந்திச்சு. அரிசியில.)

ஆனா இந்த அக்காவுக்கு ஊரு தெரிஞ்சிருக்கு. "அட, சிங்கராஜ காட்டுக்குப் போற ரோட்டுல வருமே! நாங்க போன லீவுக்கு அப்படித்தான் போனோம். சின்ன வயசு பூரா காட்டுக்குள்ளயே ஓடித் திரிஞ்சிருப்பீங்க. குடுத்து வச்சவங்க!"

நான் வாயில இருந்த வட்டிலப்பத்த முழுங்கிட்டுத் தலையாட்டுனேன்.

ஆமான்னு!

ஏன் ஆட்டுனேன்? ஒரு வாரமா எரிச்சல் போகல. அந்த அக்கா மேல இல்ல. என் தலை மேல.

சரி, உண்மைய இங்கயாவது சொல்லிடுறேன். எங்க தோட்டத்துல இருந்து ரெண்டு பஸ், ஒரு ஆட்டோ, அவ்வளவுதான் சிங்கராஜ. அந்தக் காட்டுக்குள்ள நான் மொதல் தடவ கால் வச்சது போன வருசம்தான், முப்பத்திரண்டு வயசுல. மழைக்காட்டுக்குள்ள காரியம் ஒண்ணும் இல்லாம நடக்குறதுன்னு ஒண்ணு இருக்குங்கறதையே நான் மலேசியாவுக்குப் படிக்கப் போயித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அடுப்படியில தேத்தண்ணி கொதிக்கிது, நான் பிளேன் ஏறிப் போயி கடையில வாங்கிக் குடிச்ச கதை.

ரெண்டும் ஒரே மாதிரி ஊருங்கறதுதான் இதுல வேடிக்க. அதே வெக்க, அதே மழ, அதே பலா, அதே ரம்புட்டான், அதே ரப்பர். ஐரோப்பாவுக்குப் படிக்கப் போனவங்க பனியப் பாத்து வாயப் பொளந்து போட்டோ போடுவாங்க. நான் போட்ட போட்டோவப் பாத்துட்டு சித்தி "இது நம்ம பீலிக்கரை மாதிரியே இருக்கே"ன்னுச்சு.

2017 செப்டெம்பர். மலாயா பல்கலைக்கழகம், மாஸ்டர்ஸ். ரூம்ல கூட இருந்தவ கிள்ளான்காரி. வந்து மொதல் வெள்ளிக்கெழம ராத்திரி கேட்டா, "நாளைக்கி ஹைக்கிங் போலாமா லா?"

"ஹைக்கிங்னா?"

"மலை ஏறுறது."

"ஏறி?"

"எறங்குறது."

"அவ்ளோதானா?"

"மேல போயி போட்டோ எடுப்போம்."

அன்னைக்கி ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கதான் கதையே இருக்கு.

அதுக்கு முன்னாடி தோட்டத்துப் பேச்சு தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம். எங்கள்ள 'மலை'ன்னா தேயிலை மலை. ஏழாம் நம்பர் மலை, பீலிக்கரை மலை, பழைய மலை. 'மலைக்குப் போறது'ன்னா வேலைக்குப் போறது. விடியக்காலைல பிரட்டுக்களத்துல நிக்கணும், கணக்கப்பிள்ள எந்த மலைன்னு பிரிச்சு விடுவாரு, இடுப்புல படங்கக் கட்டி, தலையில கூடைய மாட்டிக்கிட்டு ஏறணும். "அம்மா எங்க?" "மலைக்கு." "எப்ப வரும்?" "கொழுந்து நிறுத்ததும்." நான் பொறந்ததுல இருந்து அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் கேட்டதில்ல.

"அம்மா, நாளைக்கி மலைக்குப் போறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

"ஹலோ? அம்மா?"

"அங்கயும் மலையா?" அம்மா கொரல் எறங்கிப் போச்சு. "படிக்கிறதுக்குத்தான புள்ள போன?"

"ஐயோ, அந்த மலை இல்லம்மா. சும்மா ஏறுறது."

"எத்தன கிலோ கேக்குறாங்க?"

"கிலோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா ஏறி சும்மா எறங்குறது."

"பேராச்சும் போடுவாங்களா?"

(பேருன்னா ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ வரலன்னா அரப்பேரு. லீவு நாள்ல ஆஞ்சா கைக்காசு. இது மூணும்தான் எங்க வீட்டுக் கணக்குப் பாடம்.)

"பேரும் இல்ல, கைக்காசும் இல்லம்மா. போற பஸ்ஸுக்கு நாமதான் காசு குடுக்கணும்."

அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிச்சு. அப்புறம் கேட்டுச்சு. "ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

மறுநாள் போனது புக்கிட் காசிங். பெட்டாலிங் ஜெயாவுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவுல சின்னக் காட்டு மேடு, மேல ஒரு சிவன் கோயில் கூட இருக்கு. காசிங்னா மலாய்ல பம்பரம். பம்பர மலை. (அங்க வந்த ஒரு மலாய்க்காரர்கிட்ட, "எங்க நாட்டுலயும் பம்பரகந்தன்னு ஒண்ணு இருக்கு, 263 மீட்டர், இலங்கையிலயே உசரமான நீர்வீழ்ச்சி, அதுவும் பம்பர மலைதான்"னு பெருமையா அடிச்சு விட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சாத்தான் ஒறைக்கிது, சிங்களத்துல பம்பரான்னா மலைத்தேனீ. பம்பரமும் இல்ல கிம்பரமும் இல்ல. அந்த மனுசன் இன்னைக்கும் நம்பிக்கிட்டிருப்பாரு.)

நான் போட்டுட்டுப் போனது ரப்பர் செருப்பு. "நான் மலையிலயே பொறந்தவ, எனக்கு எதுக்கு சப்பாத்து?"ன்னு கிள்ளான்காரிக்கிட்ட ஒரு வீறாப்பு வேற. இருபது நிமிசத்துல நாக்குத் தள்ளிருச்சு. எழுபது வயசு சீனத் தாத்தாமாரெல்லாம் கையில குச்சியோட என்னைத் தாண்டிப் போறாங்க. ஒருத்தர் நின்னு தண்ணி வேணுமான்னு கேட்டாரு. மலையில பொறந்தேன், சரி. மலை ஏறுனது அம்மாதான? நான் ஏறுனது லயத்துல இருந்து ஸ்கூலுக்கு!

எறங்கும்போது செருப்பு வாரு அந்துபோச்சு. மிச்சம் வெறுங்கால்.

அப்பத்தான் எல்லார் காலையும் உத்துப் பாத்தேன். நாம தரையப் பாத்து நடக்கறப்ப மத்தவங்க காலுதான கண்ணுல படும். பாதிப் பேரு ஒரே மாதிரி கறுப்பு சப்பாத்து. முழுசும் ரப்பர், துணியே கெடையாது, அடியில முள்ளு முள்ளா புடிப்பு. அதுக்கு அங்க செல்லப் பேரு 'அடிடாஸ் கம்போங்'. கம்போங்னா கிராமம். நாட்டுப்புற அடிடாஸ்! அந்தக் கம்பனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சும்மா நக்கல் பேரு. பெரிய பெரிய மலையெல்லாம் ஏறுறவங்க கூட விலை கூடுன சப்பாத்த வீட்டுல வச்சிட்டு இதத்தான் போடுறாங்க. வழுக்காது, சேத்துல முங்குனா கழுவிட்டுப் போட்டுக்கலாம், விலையும் ரெண்டு வேளை சாப்பாட்டுக் காசுக்கு மேல போகாது.

"இது மொதல்ல யாரோட சப்பாத்து தெரியுமா?"ன்னு கிள்ளான்காரி கேட்டா. "பால்மரம் வெட்டுறவங்களோடது. எங்க பாட்டி இதத்தான் போட்டுக்கிட்டு கித்தா தோட்டத்துக்குப் போவாங்களாம்."

கித்தான்னா அங்க ரப்பர். மலாய் 'கெத்தா' தமிழ்ல வந்து கித்தா ஆயிருச்சு. அவ பாட்டி பொறந்த தோட்டம் இப்ப இல்ல, வித்து, துண்டாடி, கடைசியில அடுக்குமாடி வந்திருச்சு. சப்பாத்து மட்டும் மிச்சம். பால் வெட்டுறவங்க கால்ல இருந்து எறங்கி, சனி ஞாயிறு சும்மா மலை ஏறுறவங்க காலுக்கு வந்திருச்சு.

நான் ரெண்டு சோடி வாங்குனேன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அம்மாவுக்கு, அஞ்சாம் நம்பர்.

அதுக்கு அப்புறம் சனி ஞாயிறு ஆனா கால் நிக்காது. கஞ்சிங் நீர்வீழ்ச்சிக்குப் போனோம் (ஏழு அடுக்கு, ரெண்டாவது அடுக்குலயே கொரங்கு ரொட்டியும் கட்டசம்பலும் இருந்த பைய அப்படியே தூக்கிட்டுப் போயிருச்சு, சம்பல் ஒறைச்சிருக்கும், எனக்கு அதுல ஒரு திருப்தி). தமான் நெகாராவுக்கு ஒரு தடவ, கோலா தெம்பெலிங்ல இருந்து ஆத்துல படகுல மூணு மணி நேரம். 1930களில ஒதுக்குன காடு, 4,343 சதுர கிலோமீட்டர். உள்ள போக அப்ப ஆளுக்கு 1 ரிங்கிட் பேர்மிட், கேமராவுக்கு 5 ரிங்கிட். நான் வாங்குன டிகிரிக்கு அப்புறமும் ஒரு கேமராவுல அஞ்சுல ஒரு பங்குதான் என் மதிப்பு. அந்தக் காட்டப் பத்தி நான் எழுதுனா ஒரு புத்தகம் வேணும், அதனால விட்டுட்டேன்.

அட்டை பத்திச் சொல்லாம இருக்க முடியாது.

நுவாங் மலை, செலாங்கூர் மாநிலத்துலயே உசந்தது, 1,493 மீட்டர். எட்டுப் பேரு போனோம். அட்டைன்னதும் ஏழு பேரு மொகம் வெளுத்துருச்சு. நம்மளுக்குக் கொண்டாட்டம். அட்டை நம்ம சொந்தக்காரனாச்சே! "எல்லாரும் காலக் காட்டுங்க"ன்னு சொல்லி, எங்க ஊர் முறைப்படி முட்டி வரைக்கும் சவுக்காரம் பூசி விட்டேன். காஞ்ச பட்டை சவுக்காரம், நல்லா வெள்ளையா அப்பி. ஒரு வைத்தியச்சி தோரணையில.

நுவாங் பாதையில ஓடையத் தாண்டணும்னு எனக்கு யாருமே சொல்லல.

மொதல் ஓடையில எட்டுப் பேரு காலும் நொரை தள்ளுச்சு. கல்லுல கால் வச்சா வழுக்கல். ஒருத்தன் உக்காந்த வாக்குல பத்தடி போனான். சவுக்காரம் பூரா தண்ணியோட போயி, அக்கரைல அட்டைங்க பந்திக்கு எல போட்டுக் காத்துக்கிட்டிருக்கு. அம்மாவுக்கு சவுக்காரம் நின்னது எப்படின்னு அப்புறம்தான் யோசிச்சேன். தேயிலை மலைக்குள்ள முழங்கால் தண்ணியில யாரு எறங்குறா? (மலாய்ல தரை அட்டைக்கு பாச்சாட், தண்ணி அட்டைக்கு லிந்தா, தனித்தனிப் பேரு. நாம ரெண்டையும் அட்டைன்னு ஒரே பேருல அடக்கிட்டோம். கடிக்கிறது கடிக்கிறதுதான?)

அன்னைக்கி மத்தியானம் மழை புடிச்சிச்சு. கோலாலம்பூர் பக்கம் மழை அப்படித்தான், காலைல வெயிலு, மத்தியானத்துக்கு மேல ஊத்து. எல்லாரும் மொகத்த மேல தூக்கி மழைய வாங்கிக்கிட்டு சிரிக்கிறாங்க. நான் மட்டும் மழையப் பாக்கல. மலையப் பாத்துக்கிட்டிருந்தேன். மண்ணு வெடிச்சிருக்கா, மரம் எங்கயாவது சாஞ்சு நிக்கிதா, ஓடை கலங்கி வருதா, புதுசா எங்கயாவது ஊத்து கிளம்பியிருக்கா.

கிள்ளான்காரி "என்னா லா தேடுற?"ன்னா. "ஒண்ணும் இல்ல"ன்னேன்.

ரத்தினபுரியில வருசத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல மழை பேயும். அது படிப்புக்கான கணக்கு. எங்க கணக்கு வேற. 2017 மே 25 ராத்திரி பேஞ்ச மழை எங்களுக்கு மில்லிமீட்டர்ல இல்ல. அயகம, கலவானை, எலபாத்த, நிவித்திகலன்னு எங்க பக்கத்து ஊர்ப் பேரெல்லாம் அடுத்த நாள் டிவியில ஓடுச்சு. வெள்ளம், மண்சரிவு, நாடு முழுக்க 200 பேருக்கு மேல செத்தாங்க. அந்த ராத்திரி நாங்க யாரும் படுக்கல. அம்மா ஐடென்டிட்டி கார்டையும் என் சர்டிபிகேட்டையும் ஒரு பொலித்தீன்ல சுத்தி நெஞ்சோட வச்சுக்கிட்டு லயத்து வாசல்ல உக்காந்திருந்திச்சு. விடியிற வரைக்கும் எல்லாருக்கும் கண்ணு பின்னாடி மலையில. அந்த சர்டிபிகேட்டத்தான் நான் நாலு மாசம் கழிச்சு மலேசியாவுக்குக் கொண்டு போனேன்.

'காட்டுக்குள்ளயே ஓடித் திரிஞ்சிருப்பீங்க'ன்னு அந்த அக்கா சொன்னப்ப எனக்கு இதெல்லாம்தான் ஞாபகம் வந்திச்சு. காடுன்னா எங்களுக்கு வெறகு. ஒடிக்கப் போனா யாராவது வெரட்டுவாங்க, கட்டப் போட்டுட்டு ஓடி வரணும். ஓடுனது உண்மதான், அந்த வகையில அக்கா சொன்னது சரி.

கெப்போங்ல மலேசிய வன ஆராய்ச்சி நிலையம்னு ஒண்ணு இருக்கு. 1929ல வச்சது. அங்க போற வரைக்கும் அதுவும் ஒரு காடுன்னுதான் நெனச்சேன். உள்ள போனா வானத்துல வாய்க்கால் ஓடுது! கபூர் மரங்க. ஒண்ணோட உச்சி இன்னொண்ணோட உச்சியத் தொடாது, நடுவுல ஒரு சாண் எடம் விட்டு நிக்கும். கீழ இருந்து அண்ணாந்து பாத்தா காஞ்ச வயல்ல வெடிப்பு விட்ட மாதிரி வெளிச்சக் கோடு. (லயத்துல பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல எட்டுப் பேரு படுத்து வளந்தவளுக்கு அந்த ஒரு சாண் எடவெளியப் பாத்து வந்த பொறாமை இருக்கே!)

ஆனா என்னை உலுக்குனது அது இல்ல. அந்த மொத்தக் காடும் நட்டது. 1920கள்ல அது ஈயம் தோண்டி நாசமான மொட்ட நெலமும் மரக்கறித் தோட்டமுமா கெடந்திச்சாம். மண்ணப் புரட்டிப் போட்டுட்டுப் போன எடத்துல ஒவ்வொரு கண்டா வச்சு எழுப்பியிருக்காங்க. போன வருசம், 2025 ஜூலையில, யுனெஸ்கோ அத உலக மரபுரிமைன்னு எடுத்துக்கிச்சு.

நான் நெனச்சது எங்க ஊர் வயல. பஸ்ல நிவித்திகலக்குள்ள வரும்போது ரெண்டு பக்கமும் பாத்தீங்கன்னா வயலுக்கு நடுவுல ஓலக் கூரை, கீழ கல்லுக்குழி, மோட்டார் வச்சு தண்ணி எறைச்சுக்கிட்டே இருப்பாங்க. 'இல்லம்'னு சொல்ற சரள அடுக்கு வர்ற வரைக்கும் தோண்டி, அத அள்ளி வட்டியில போட்டு அலசணும். கல்லு கெடச்சவன் வீடு கட்டுவான், கெடைக்காதவன் அடுத்த குழி தோண்டுவான். தோண்டி முடிச்சா மூடணும்னு சட்டம் இருக்கு. மூடுன குழியும் பாத்திருக்கேன், எரும விழுந்த குழியும் பாத்திருக்கேன். குழிக்கு மேல காடு மொளைக்கும்னு யாராவது எங்க ஊர்ல சொன்னா, 'ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே'ன்னு அம்மா மாதிரியே கேப்பாங்க.

இப்ப அப்பா கதை. எங்கப்பா ரப்பர் வெட்டு. தேயிலை ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம், சப்ரகமுவ தோட்டம்னா அப்படித்தான இருக்கும்.

கோலாகங்சார்ல ஒரு பழைய ரப்பர் மரம் நிக்கிதுன்னு கேள்விப்பட்டு, ரயில்ல மூணு மணி நேரம் போனேன். தனியா. கிள்ளான்காரி வர மாட்டேன்னுட்டா. "ஒரு மரத்தப் பாக்கவா? ரப்பர் மரத்தவா?"

1876ல ஹென்றி விக்ஹாம் பிரேசில்ல இருந்து வெதைய லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனாரு. அதுல மொளைச்ச கண்டுங்க அந்த வருசமே நம்ம கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்திருச்சு. அடுத்த வருசம் 22 கண்டு சிங்கப்பூருக்குப் போயி, அதுல 9 கண்ட கோலாகங்சார்ல நட்டாங்க. ஒண்ணு இன்னும் நிக்கிது. மாவட்ட ஆபீசுக்குப் பக்கத்துல, சுத்தி வேலி போட்டு, பலகை வச்சு. அடி பெருத்து, முண்டும் முடிச்சுமா. எனக்கு என்னமோ செஞ்சிருச்சு. எங்கப்பா விடியாத நேரத்துல நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு எழும்பிப் போனது, வீட்டுச் செவுத்துல ஏறிப்போன ஒட்டுப்பால் நாத்தம், கிள்ளான்காரியோட பாட்டி, எல்லாத்துக்கும் இந்த மரத்தோட வகையறாதான் பொறுப்பு. வேலியப் புடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னேன். ஆபீசுக்கு வந்தவங்க என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாங்க.

போட்டோ எடுத்து தம்பி போனுக்கு அனுப்பி, அப்பாகிட்ட காட்டச் சொன்னேன். உலகம் பூரா ரப்பர் பரவுன கதையையும் நீட்டி முழக்கி வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

அப்பாவோட பதில் பத்து செக்கன்.

"பட்ட செத்துப் போச்சு. இதுல பால் வராது. வெட்டிட்டு புதுக் கண்டு வைக்கச் சொல்லு."

2019ல ஊருக்கு வந்துட்டேன். வந்ததும் அம்மாவ சிங்கராஜவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு நெனப்பு. மொதல்ல கொழும்புல வேலை, அப்புறம் கொரோனா, அப்புறம் பெட்ரோல் கியூ. இதெல்லாம் சாக்கு. உண்மையான காரணம், "சனிக்கெழம பேரு போயிருமே"ன்னு அம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னதுதான். ஞாயித்துக்கெழம கேட்டா உடுப்புத் துவைக்கணும். போன வருசம் பெப்ரவரியில, "அந்த 1,350 ரூபாவ நான் தர்றேம்மா"ன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். (ஒரு நாள் பேரு அப்ப அவ்வளவு. அம்மா வாங்கிக்கிச்சு, எண்ணியும் பாத்துச்சு.)

கலவானை, வெத்தாகல, குடாவ. உள்நாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் ரொம்பக் கொறைவு, வெளிநாட்டுக்காரங்களுக்கு எக்கச்சக்கம். மலேசியாவுல நான் எப்பவும் வெளிநாட்டுக்காரி டிக்கெட்டுதான். இங்க கவுன்டர்ல உள்நாட்டு டிக்கெட்ட நீட்டுனப்ப எனக்கு ஒரு சின்னப் பெருமை, ஏன்னு கேக்காதீங்க.

அம்மா கால்ல அடிடாஸ் கம்போங். ஏழு வருசமா பொலித்தீன்ல சுத்தி கட்டிலுக்கு அடியில வச்சிருந்தது. "வேலைக்குப் போட்டா தேஞ்சிரும்"னு ஒரு நாள் கூடப் போடல.

கைட் ஒரு சிங்களப் பையன், எங்க பக்கத்து ஊரு. அம்மாவ "அம்மே"ன்னுதான் கூப்பிட்டான். அகலமான பாதையா இருக்கேன்னு கேட்டேன். 1970கள்ல இந்தக் காட்ட ப்ளைவுட்டுக்கு மெஷின் போட்டு வெட்டுனாங்களாம், லொறி போன பாதை இது. எதிர்ப்பு கிளம்பி 1977ல நிறுத்திட்டாங்க, 1988ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்திருச்சு. "ப்ளைவுட்டா?"ன்னு அம்மா நின்னுச்சு. "நான் சின்னப் புள்ளயா இருக்கைல தேயிலத் தூள் ஏத்துன பெட்டியெல்லாம் ப்ளைவுட்டுதான்."

கைட் பையன் அதுக்கு ஒண்ணும் சொல்லல. நானும்தான்.

அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பாக்காதது. நான் மலேசியாவுல கத்துக்கிட்ட பவுசெல்லாம் காட்டலாம்னு போனேன். பாதை ஓரத்துல குடுவைச் செடி தொங்குது, உள்ள பூச்சி விழுந்து செரிக்கிற செடி. மலாய்க்காரங்க இத 'கொரங்குப் பானை'ம்பாங்க, இங்க இருக்கிறது உலகத்துல வேற எங்கயும் கெடையாதுன்னு நான் மூச்சு விடாம சொல்றேன். அம்மா ஒரு குடுவைய விரலால தட்டிப் பாத்துட்டு, "எங்க கானுல நெறைய இருந்திச்சு. மருந்தடிக்க ஆரம்பிச்சதும் போயிருச்சு"ன்னு சொல்லிட்டு நடந்துச்சு.

ஓடை ஓரத்துல கொஹிலக் கீரை தழைச்சுக் கெடந்திச்சு. அம்மா கை தன்னால போயிருச்சு. "அம்மே, இங்க எதையும் புடுங்கக் கூடாது"ன்னான் பையன். அம்மா கைய இழுத்துக்கிச்சு. பத்தடி போயி மறுபடியும் கை போச்சு. முப்பத்தஞ்சு வருசமா மலைக்குள்ள போனா ஆயிற கை. அதுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது, இன்னைக்கி லீவுன்னு?

கொஞ்ச தூரத்துல ஒரு பறவைக் கூட்டம் வந்திச்சு. சிங்கராஜவுல இது பேர் போன விஷயம், பத்துப் பன்னெண்டு வகைப் பறவைங்க ஒரே படையா காட்டுக்குள்ள மேஞ்சுக்கிட்டே போகும். பேராசிரியர் சரத் கொட்டகமயும் அவரு மாணவர்களும் 1980கள்ல இருந்தே இத ஆராய்ஞ்சிருக்காங்க. செம்பட்டைக் குருவிங்க நெறையா, கீச்சுக் கீச்சுன்னு சலம்பிக்கிட்டு எல எலயா பொரட்டித் தேடுதுங்க. அதுங்களுக்கு மேல கொப்புல ஒரு கொண்டைக் கரிச்சான் உக்காந்து சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு. வேலை செய்யிறதெல்லாம் கீழ இருக்கிறதுங்க, கெளம்புற பூச்சிய அது மேல இருந்தே புடிச்சுக்கும்.

அம்மா ரொம்ப நேரம் பாத்துச்சு. "அந்தக் கறுப்பு இருக்கே, அதுதான் கணக்கப்பிள்ள"ன்னுச்சு.

பையனுக்குச் சிங்களத்துல சொன்னேன். வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சான். இனிமே வர்றவங்களுக்கெல்லாம் இதத்தான் சொல்லப் போறானாம்.

நவந்த மரத்துக்கிட்ட போயி உக்காந்தோம். பெரிய மரம், அடிய நாலு பேரு சேந்தாலும் கட்ட முடியாது. ரொட்டி தின்னோம். அம்மா சப்பாத்தக் கழட்டி அட்டைய எடுத்துப் போட்டுச்சு, அதுபாட்டுக்கு, பேச்ச நிறுத்தாமலே. சவுக்காரம் கொண்டு வரலியாம்மான்னு கேட்டேன். "தண்ணியில எறங்குற எடம்னு சொன்னியே, சவுக்காரம் எதுக்கு?"ன்னுச்சு. (நுவாங்குல இருந்த ஏழு பேரும் இதப் படிக்காம இருக்கணும்.)

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தக் கழுவி, நெழல்ல காய வச்சு, மறுபடியும் பொலித்தீன்ல சுத்துச்சு.

திங்கக்கெழம நான் கொழும்பு பஸ்ஸுக்குக் கிளம்பணும், விடியக்காலைல பிரட்டுக்களத்துப் பக்கமாத்தான் நடக்கணும். கணக்கப்பிள்ள பேரு வாசிச்சுக்கிட்டிருந்தாரு. அம்மா பேரு வந்ததும் நிமிந்து, "சனிக்கெழம எங்க போன?"ன்னாரு.

"மலைக்கு"ன்னுச்சு அம்மா.

அவரு நோட்டப் பொரட்டுனாரு. முன்ன ஒரு பக்கம், பின்ன ஒரு பக்கம்.

"எந்த மலை? இதுல ஒன் பேரு விழலயே?"